மழை 0.4, பேச்சு 140: ஒரு மழைமானிக் குழுவில் ஏழு வருஷம்

போன், மிக்ஸி, வாஷிங் மெஷின் என்று எதை வாங்கினாலும் ஒரு மாசம் ஆவதற்குள் அனுபவம் எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப்போவது காசு கொடுத்து வாங்காத ஒன்றைப் பற்றி. நீலகிரியில் வீட்டுக்குப் பின்னால் மழைமானி வைத்து அளந்து பார்க்கிற கிறுக்குப் பிடித்த சிலர் சேர்ந்து 2018 மே மாதம் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு அது. ஏழு வருஷமாகத் தினமும் காலையில் திறக்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்கிருந்த ஒரே புகார், மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறார்களே என்பது. இன்றைக்கும் அந்தப் புகார் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அந்தப் பேச்சை நிறுத்தி வைத்த பத்து மாசத்தில் என்ன ஆனது என்று கூடவே இருந்து பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இது.

முதலில் என் பக்கத்து ஏற்பாடு. கோத்தகிரி பஜாரில் எனக்கு பிளம்பிங் சாமான் கடை. மழைமானியும் கடைச் சரக்கில் செய்ததுதான்: வாய் 16 செ.மீ. அகலமுள்ள புனல், அதைத் தாங்க ஒரு பைப் துண்டு, உள்ளே 5 லிட்டர் கேன். ஏன் 16 என்றால், அந்த வாயின் பரப்பு கிட்டத்தட்ட 200 சதுர செ.மீ. வரும். அப்போது 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை, கணக்கை மனசிலேயே போட்டுவிடலாம். தூறலுக்கு மருந்துக்கடை சிரிஞ்ச், பெரிய மழைக்குச் சமையலறை அளவு ஜாடி. வீட்டம்மா அந்த ஜாடியைத் திருப்பிக் கேட்பதை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. வானிலைத் துறைக்கு மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நாங்களும் அதே நேரத்துக்குக் கேனை எடுத்து அளந்து, ஊர்ப் பெயரையும் எண்ணையும் குழுவில் போட வேண்டும். மூன்று நிமிஷ வேலை. மிச்ச நேரமெல்லாம் பேச்சு.

யார் எப்போது பேசுகிறார்கள் என்பது பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைத்தான் போட்டுச் சாத்தும்: கூடலூர், தேவாலா, பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி. அந்த மேகம் மலையேறித் தொட்டபெட்டாவைத் தாண்டி எங்களிடம் வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். தேவாலாக்காரர் 140 என்று போடுகிற காலையில் நான் 0.4 போடுவேன். அதுவும் மழையா, புனலில் படிந்த மிஸ்ட்டா என்று சந்தேகத்தோடு. அக்டோபர் வாக்கில் காற்று திரும்பிவிட்டால் எங்கள் முறை. கோடநாடு, கோத்தகிரி, குன்னூர் நனையும். கூடலூரில் வெயில் காயும்.

எந்தப் பக்கம் மழை இல்லையோ அந்தப் பக்கம்தான் அரட்டை. ஜூலையில் தேயிலை இலை விலை, கேரட் விலை, மேரக்காய்ப் பந்தல் சாய்ந்தது, பேக்கரிக்குள் கரடி புகுந்தது எல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே போகும். நவம்பரில் யானை, குறுமிளகு, இஞ்சி, பார்டர் செக்போஸ்ட் கதையெல்லாம் மேற்கிலிருந்து இங்கே வரும். நனைகிற பக்கத்துக்காரருக்கு ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைக்கவே நேரம் சரியாக இருக்கும். 'ம்' என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சண்டை வருவதும் அங்கேதான். ஒருத்தர் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்கிறபோது அடுத்த செய்தி வர்க்கி எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்பதாக இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

2019 ஆகஸ்ட். அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பதிவான வாரம். சென்னைக்கு ஒரு வருஷம் பூராவும் கிடைப்பதே சராசரியாக 1,400 மி.மீ. சுமார்தான். என் புனல் கணக்கில் 911 என்றால் 18 லிட்டருக்கு மேல் தண்ணீர்; எங்கள் கேன் 5 லிட்டர், 250 மி.மீ.யோடு நிரம்பிவிடும். அவலாஞ்சியை ஒட்டிய எமரால்டு பக்கம் எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். அவருக்கும் அதே புனல், அதே கேன். ராத்திரி 1.50க்கு அவரிடமிருந்து ஒரு செய்தி:

"கரண்ட் இல்ல. மாட்டுக்கொட்டாய் தகரம் பறந்துருச்சு. கன்னுக்குட்டிய அடுப்படில கட்டிருக்கேன், அது விறகையெல்லாம் நனச்சுட்டு நிக்குது. வர்ற வழில கேன் நெறஞ்சு வழிஞ்சுட்டிருந்துச்சு, கொட்டிட்டு வச்சேன்."

காலையில் அவர் போட்டது '212'. அவ்வளவுதான். தூக்கமில்லாமல் போட்ட எண், கேனில் அப்போது இருந்த தண்ணீருக்கான எண். குழுவில் வருகிற எண்களை ஏற்றி வைக்கும் என் நோட்டில் அதை மட்டும் எழுதியிருந்தால் அன்றைய மழையில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். கன்றுக்குட்டிக்கும் விறகுக்கும் பின்னால் இருந்த அந்தக் கடைசி வரியைப் படித்ததால்தான் "குறைந்தது 462" என்று எழுதினேன். அப்போது அதன் அருமை எனக்கே உறைக்கவில்லை. 'மனுஷன் என்னென்னமோ எழுதுகிறார்' என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரச் செய்திகளைப் பார்த்து ஆட்கள் அடித்துப் பிடித்துச் சேர்ந்தார்கள். 11 பேர் இருந்த இடத்தில் 140 பேர். பாதிப் பேரிடம் மழைமானியே கிடையாது. "நாளைக்கு ஸ்கூல் லீவா?" "கலெக்டர் லீவு விட்டாச்சா சார்?" ராத்திரி பத்து மணிக்கு இதே கேள்வி இருபது தடவை. லீவு விட்டால் பிள்ளைகள் எங்களுக்கு நன்றி சொல்லும். விடவில்லை என்றால் எங்களைத் திட்டும். விடியற்காலையில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம். அப்புறம் எங்கேயோ எப்போதோ எடுத்த வெள்ள வீடியோவுக்கு 'நம்ம குன்னூர் ரோடு இப்போ' என்று தலைப்பு. 2009 நவம்பர் மண்சரிவில் உயிர்களைப் பறிகொடுத்த மலை இது. பர்லியாறு வழியாக மலையேறிக்கொண்டிருக்கும் புருஷனுக்காக வீட்டில் காத்திருக்கிற பெண்ணின் போனில் அந்த வீடியோ போய் விழுந்தால் அவள் பாடு என்ன?

ஆகவே 2020 ஜனவரியில் அட்மினாக இருக்கும் குன்னூர் டீச்சர் அறிவிப்புப் போட்டார்: மழை அளவு மட்டும், வேறு எதுவும் எழுதினால் ஆள் நீக்கப்படுவார். முதலில் கை தட்டிய ஆள் நான்.

முதல் மாசம் சொர்க்கம். போன் சத்தமே இல்லை. இரண்டாவது மாசம் நோட்டைப் புரட்டும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. ஜனவரி, பிப்ரவரியில் மலையில் பெரும்பாலும் சைபர்தான். சைபரும் ஓர் அளவு. மழைமானியைப் போய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்று அர்த்தம். எதுவும் போடாமல் விட்டால் மழை இல்லையா, ஆள் ஊரில் இல்லையா, கேன் ஓட்டையா என்று யாருக்கும் தெரியாது. பேச்சு இருந்த காலத்தில் கரடிக் கதை படிக்க வந்தவர் போகிறபோக்கில் '0' என்று தட்டிவிட்டுப் போவார். பேச்சு நின்றதும் சைபர் போடக் கூச்சம் வந்துவிட்டது. "வெறும் சைபரைப் போய் எதுக்குங்க போடணும்?" என்று கீழ்க்கோத்தகிரித் தம்பி கடைக்கு வந்தபோது கேட்டார். சைபர் போடாதவர் ஏப்ரல் கோடை மழைக்கும் மறந்துபோய், 'மூணு நாள் சேர்த்து 38' என்று போட்டார். முப்பது ஊர்ப் பெயர் எழுதிய என் நோட்டில், அந்த அக்டோபரில் முழுசாக நிரம்பியவை ஒன்பது.

இன்னொன்று, வந்த எண்களுக்குக் காரணம் தெரியாமல் போனது. பிப்ரவரியில் சுற்றி எங்குமே மழை இல்லாத நாளில் குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மட்டும் 3.2. மலையில் அப்படியும் பெய்யும், ஒரு வளைவு தாண்டினால் காய்ந்து கிடக்கும். எனவே அப்படியே எழுதினேன். அடுத்த வாரமும் அதே கிழமையில் 2.8. மாசக்கணக்கு கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தபோதுதான் கதை வெளியே வந்தது. மருமகள் வாரம் ஒருநாள் மேரக்காய்க் கொடிக்கு ஓஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறாராம். "குழுவுலதான் வேற ஒண்ணும் எழுதக்கூடாதுன்னுட்டீங்களே சார்" என்றார். ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் போன நாலைந்து பேரின் இடைவெளியும் அப்படித்தான். முந்தின வருஷம் என்றால் போகும் வழியிலேயே போட்டோ போட்டிருப்பார்கள், நானும் நோட்டில் 'ஆள் இல்லை' என்று எழுதியிருப்பேன்.

பிறகு அரட்டைக்கென்று தனிக் குழு ஒன்று. எல்லோரும் அங்கே குடியேறிவிட்டார்கள். அளவுக் குழு ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆனது. சிலர் மழை அளவையும் அரட்டைக் குழுவிலேயே போட ஆரம்பித்தார்கள், இரண்டிலும் தேடி எடுப்பது என் தலையில். அட்மின் மட்டும் எழுதலாம் என்ற செட்டிங்கையும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். நூறு பேர் தனித்தனியாக டீச்சருக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் டீச்சரே எடுத்துவிட்டார்.

2021 கடைசியிலிருந்து நடப்பது இதுதான். காலை 8.30 முதல் 9.30 வரை ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும். அதற்குப் பிறகு எதையும் பேசலாம், நீங்களே கண்ணால் பார்த்து உங்கள் கையால் தட்டியதாக இருந்தால். ஃபார்வர்டு எதுவானாலும், சாமி படமானாலும், போடக் கூடாது. அரட்டை பெரிய தொந்தரவு என்று நாங்கள் நினைத்ததில் முக்கால்வாசி ஃபார்வர்டுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை எடுத்ததும் மிஞ்சியது இலை விலையும் கரடியும் காய்ச்சலும். இவை இல்லாமல் எனக்கு இப்போது நோட்டு எழுத வராது. எண்ணுக்குப் பக்கத்தில் 'காட்டுமாடு மானியை இடித்தது', 'சில்வர் ஓக் இலை புனலை அடைத்தது', 'பேத்தி அளந்தாள், சரிபார்க்கணும்' என்றெல்லாம் எழுதுகிறேன். எல்லாம் அரட்டையிலிருந்து பொறுக்கியது.

குறையில்லை என்று சொல்லமாட்டேன். 2024 தேர்தல் மாசத்தில் 'நானே தட்டியது' என்ற சாக்கில் அவரவர் கட்சியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆறு பேர் வெளியேறினார்கள், நாலு பேர் திரும்பவில்லை. அதே வருஷம் மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, வெளியூரிலிருந்து யார் யாரோ நம்பர் பிடித்து வந்து பாஸ் எப்படி எடுப்பது என்று எங்களைக் கேட்டார்கள். பழைய செய்தியைத் தேடி எடுப்பது நரகம். அன்றன்றைக்கே நோட்டில் ஏற்றாவிட்டால் போச்சு. சேருகிறவர்கள் படம் தானாக இறங்குவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள், குழுவை நிரந்தரமாக மியூட்டில் போடுங்கள், 8.30க்கு ஓர் அலாரம் வையுங்கள். எண் மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் குழு ஒத்துவராது.

அப்படி ஒருவரை நாங்கள் இழந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்தல். கட்டபெட்டு பக்கம் ஒரு பெரியவர், எஸ்டேட் ஆபீஸில் வருஷக்கணக்காக மழைப் பதிவேடு எழுதிய கை. எங்கள் எல்லோரையும்விடத் துல்லியமாக அளப்பவர். 2019 செப்டம்பரில் "நான் மழைக்காக வந்தேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறினார். ஆனால் அளப்பதை விடவில்லை. தினம் 8.35க்கு எனக்கு ஓர் எஸ்எம்எஸ் வரும். 6.2. மறுநாள் 0. அடுத்த நாள் 0. வணக்கம்கூட இருக்காது. நான்தான் அதைக் குழுவில் போடுகிறேன். திரும்ப வாங்க சார் என்று கூப்பிட்டால், "உங்க ஆளுங்க பேசி முடிக்கட்டும்" என்பார்.

போன மாசம் ஒரு காலையில் அவரிடமிருந்து வந்தது: "0. கரடி."

ராத்திரி எனக்கே 14 மி.மீ. பெய்திருந்தது. போன் போட்டேன்.

"மானிய பந்து மாதிரி உருட்டிட்டுப் போயிருக்கு. கேன் ஒரு பக்கம், புனல் ஒரு பக்கம்."

"அப்ப சைபர் இல்லையே சார், மழை பேஞ்சிருக்கே?"

"கேன்ல இருந்தது சைபர். இருந்ததைத்தானே எழுத முடியும்? அதுக்குத்தான் கரடின்னு போட்டேன்."

சரி, கோடு போட்டு 'பதிவு இல்லை, கரடி' என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன். வைக்கப் போனவர் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"வேற யார் வீட்டுக்காவது வந்துச்சாமா? குழுவுல ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா?"