மைன்கிராஃப்ட் மோடுக்கு ஆயத்தொலைவு மாற்ற: கால்க்கா, பைத்தானா?

ஆழியாறு–வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை மைன்கிராஃப்ட் விளையாட்டில் மோடாக (கூடுதல் தொகுப்பாக) கட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இது. அதற்கு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

செலவு: லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள், பைத்தான் என்ற நிரல்மொழி இரண்டுமே இலவசம்.

எளிமை: கால்க்கில் உடனே தொடங்கலாம். ஒரு டிகிரி அட்சரேகைக்கு ஏறக்குறைய 110.6 கி.மீ. என்று பெருக்கினால் ஒரு தெருவுக்குப் போதும். பைத்தானில், ஆயத்தொலைவுகளை மாற்றித் தரும் பைபுராஜ் (pyproj) நூலகத்தை நிறுவ வேண்டும்.

துல்லியம்: பைத்தான்தான். 78 டிகிரி தீர்க்கரேகை கொங்கு நாட்டைப் பிளக்கிறது. பூமியைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் கோவை, ஈரோடு 43ஆம் மண்டலம், நாமக்கல் 44. ஸ்கிரிப்டில் எல்லாப் புள்ளிக்கும் 32643 (43ஆம் வடக்கு மண்டலத்தின் EPSG குறியீடு) என்று ஒரே மண்டலம் கொடுத்துவிடலாம். அப்புறம், புள்ளிகளைக் கொடுக்கும்போது தீர்க்கரேகை முதலில் வருகிறதா, அட்சரேகையா என்று பாருங்கள்.

எதில் மாற்றினாலும் வடக்கு நோக்கிய தூரத்தின் கூட்டல்–கழித்தல் குறியைத் திருப்புங்கள்; மைன்கிராஃப்டில் இசட் (Z) மதிப்பு தெற்கே போகப்போகக் கூடும்.

ஒரு கோயில், ஒரு தெரு என்றால் கால்க். மலைப்பாதை முழுக்க என்றால் தயங்காமல் பைத்தான்.