படுத்தா, குந்தியா, ஒருக்களித்தா?

நான் நர்சிங் படித்த நாளில் பிரசவம் பார்க்கும் லேபர் டேபிள் என்றால் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி வைப்பதுதான். வலியில் யாராவது புரண்டால், "நேரா படும்மா!" என்று அதட்டுவோம். பிரசவ நாற்காலி புழங்கிய ஐரோப்பாவில் படுக்கைப் பிரசவத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் மோரிசோ. அவர் புத்தகம் வந்தது 1668இல். நம் ஊர் மருத்துவச்சிகள் குந்த வைத்துப் பிள்ளை எடுத்த கதை பாட்டிகளுக்குத் தெரியும்.

மல்லாந்து படுப்பது உண்மையில் எங்களுக்குத்தான் வசதி. தலை இறங்குவது தெரியும், கை எட்டும், ஆயுதம் (பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்கும் கருவி) போடவும் சுலபம். ஆனால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சிலருக்கு முகம் வெளுத்து, உள்ளங்கை ஜில்லிட்டு, பிரஷர் இறங்கிவிடும். இடப்பக்கம் திருப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார்கள்.

குந்தினால் இடுப்பெலும்பின் வாய் சற்று விரியும். வலி தெரியாமல் மரத்துப்போக முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போடாதவர்களுக்கு ஆயுதப் பிரசவமும், பிறப்புவாயைக் கத்தரித்துத் தையல் போடுவதும் குறைகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போவது இதில் சற்று அதிகம். ரத்தசோகை உள்ள பெண்ணைக் குந்தச் சொல்ல எனக்கு மனம் வராது. யாராக இருந்தாலும் பிள்ளை வெளியே வந்த கையோடு தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போட்டாக வேண்டும். அப்புறம் இன்னொன்று, வெஸ்டர்ன் டாய்லெட்டில் பழகிய இந்தத் தலைமுறைக்கு ஐந்து நிமிஷம் குந்தினாலே கால் மரத்துவிடுகிறது!

அந்த எபிடியூரல் ஊசி போட்டிருந்தால் கணக்கே வேறு. 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், தலைப்பிரசவத்தில் ஒருக்களித்துப் படுத்தவர்களில் 100க்கு 41 பேருக்கு ஆயுதமோ சிசேரியனோ இல்லாமல் பிறந்தது. நிமிர்ந்த நிலையில் இருந்தவர்களில் 35 பேருக்குத்தான்.

இதெல்லாம் முக்கும் கட்டத்துக்கு. அதற்கு முந்தைய வலி நேரத்தில் போட்டியே இல்லை, நடக்க விடுங்கள். படுத்தே கிடப்பதைவிடச் சராசரியாக ஒரு மணி 20 நிமிஷம் மிச்சமாகிறது.

எந்த நிலை என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். என்னைக் கேட்டால் ஒருக்களித்துப் படுப்பதைத்தான் சொல்வேன். ஒரே தொல்லை, மேல் காலைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். நைட் ஷிஃப்டில் நான் ஒருத்திதான் இருப்பேன். அதனால் துணைக்கு வந்திருக்கும் அம்மாவிடமே, "இந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்பேன்.