எஸ்பொசிதோ என்னும் பெயருக்கு ஒரு சிங்கக் கேடயம்

உடன் பணியாற்றிய நேப்பிள்ஸ்காரர் ஒருவர் ஓய்வுபெற்றபோது பரிசளிப்பதற்காக, இத்தாலியக் குடும்பப் பெயர்களின் வரலாற்றை அச்சிட்டுச் சட்டமிட்டு அனுப்பும் இணையக் கடை ஒன்றில், அவருடைய ‘எஸ்பொசிதோ’ என்னும் பெயருக்கு ஒரு படம் வாங்கினேன். தாள் தடிமனானது, மரச்சட்டத்தின் மூலைகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன, பொட்டலமும் சொன்ன நாளில் வந்தது. குறையெல்லாம் எழுதப்பட்டிருந்த செய்தியில்தான்.

படத்தில், ஐரோப்பியப் பிரபு குடும்பங்களின் குலச்சின்னம் போல, நீலக் கேடயத்தில் பொன்னிறச் சிங்கம். அதன் கீழே ‘தொன்மையான பிரபு குலம்’ என்று தொடங்கும் நான்கு பத்திகள். நண்பர் பொறுமையாக வாசித்து முடித்தார். பிறகு சிங்கத்தின் மேல் விரலை வைத்து, “எங்கள் முன்னோர் மாதாவின் பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். நேப்பிள்ஸின் அனுன்சியாத்தா மாதா அனாதை இல்லத்துச் சுவரில் மரத்தாலான சுழல் பெட்டி ஒன்று இருந்தது; வளர்க்க வழியில்லாதவர்கள் தெருவிலிருந்து குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றிவிட, உள்ளே இருப்பவர்கள் முகம் பாராமல் எடுத்துக்கொள்வார்கள். அவ்வாறு வந்த குழந்தைகளை ஊரார் மாதாவின் பிள்ளைகள் என்றே அழைத்தார்கள். பதிவேட்டில் எஸ்பொசிதோ என்று எழுதினார்கள். 1808 முதல் 1815 வரை அங்கு ஆண்ட மன்னர் முரா, பெயரே பிறப்பைக் காட்டிக்கொடுக்கிறது என்பதால் அவ்வழக்கத்தைத் தடைசெய்தார். சுழல் பெட்டி 1875இல் மூடப்பட்டது. இப்படி வந்த பெயர் இது ஒன்றுமட்டுமன்று: பிளாரன்ஸில் அனாதை இல்லத்தின் பெயரால் ‘இன்னொசெந்தி’, மிலானில் மருத்துவமனைச் சின்னமான புறாவின் பெயரால் ‘கொலொம்போ’ என்றும் பலருக்குச் சூட்டினார்கள்.

ஆகவே, ஒருவரோடொருவர் இரத்த உறவே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுமக்கும் பெயருக்கு ஒரே குலக்கேடயம் எப்படி இருக்க முடியும்? கேடயம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியதே தவிர, பெயருக்கு உரியதன்று. உண்மையை எழுதியிருந்தால், கைவிடப்பட்ட ஒரு குழந்தை பிழைத்து வளர்ந்து வம்சம் தழைத்த வரலாறாக அது இருந்திருக்கும். கடைக்காரர் அதை மறைத்தது அந்தக் குழந்தைகளுக்குச் செய்த அவமதிப்பு என்றே கருதுகிறேன்.

சட்டம் மட்டும் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம். வரலாற்றுக்காக வாங்க வேண்டாம். நண்பர் சிங்கத்தை எடுத்துவிட்டு, அனுன்சியாத்தா சுவரில் இன்றும் உள்ள அந்தத் திறப்பின் புகைப்படத்தை அதே சட்டத்தில் வைத்திருக்கிறார்.