ஓரத்தை வெட்டிவிட்டார்கள்

எட்வர்டு சாக்ஸே 1852-இல் வெளியிட்ட வாஷிங்டன் நகரக் காட்சியின் மறுபதிப்பை இணையத்தில் 46 டாலருக்கு வாங்கினேன். மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். மூன்றுமே படத்துக்காகத்தான்.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் வாஷிங்டன் நினைவுத்தூணைப் பார்க்கிறவன் நான். கீழிருந்து சுமார் 150 அடி உயரத்தில் பளிங்கின் நிறம் மாறும். 1854-இல் பணம் இல்லாமல் வேலை நின்று, இருபத்தைந்து வருடம் கழித்துத் தொடர்ந்ததன் தடம் அது. நடுவில், குடியேறிகளே வேண்டாம் என்ற கட்சி ஒன்று தூண் கட்டும் சங்கத்தைக் கைப்பற்றியது. நன்கொடை சுத்தமாக வற்றிப்போனது.

சாக்ஸேயே ஒரு குடியேறிதான். ஜெர்மனியிலிருந்து வந்து பால்டிமோரில் கல்லச்சுக்கூடம், அதாவது கல்லின் மேல் படம் வரைந்து அதிலிருந்து தாளில் அச்செடுக்கும் கூடம், நடத்தியவர். அவர் படத்தில் தூண் முழுசாக நிற்கிறது. அதன் அடியைச் சுற்றி வட்டமாக ஒரு தூண் மண்டபமும் இருக்கிறது. தூணை வடிவமைத்த ராபர்ட் மில்ஸின் திட்டத்தில் இருந்த அந்த மண்டபம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. சாக்ஸே வரைந்தபோது தூணே பாதிகூட ஏறியிருக்கவில்லை. லென்ஸ் வைத்து அந்த மண்டபத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். 'நேரில் கண்டு கல்லில் வரைந்தவர் இ. சாக்ஸே' என்ற பொருளில் மூலப்படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு ஆங்கில வரி உண்டு. கல்லச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும், எழுத்து உட்பட. அவ்வளவு பாடுபட்டவரின் பெயர் இருந்த ஓரத்தையே வெட்டிவிட்டார்கள்! கேட்டதற்கு, படச்சட்டத்தின் அளவுக்காக என்று பதில் வந்தது. அப்புறம், பழசாகத் தெரியட்டும் என்று படம் முழுக்க ஒரு பழுப்புச் சாயம் வேறு. கல்லின் மேல் மெழுகுப் பென்சில் ஓடிய சொரசொரப்பு வானத்தில் தெரிய வேண்டும், அது மங்கிவிட்டது. தாள் மட்டும் நல்ல கனம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இந்தப் படத்தின் பெரிய கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதை இறக்கி, பக்கத்தில் உள்ள அச்சுக்கடையில் கொடுங்கள். ஓரத்தில் கைவைக்க வேண்டாம், நிறத்தை மாற்ற வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். நான் போன வாரம் அப்படித்தான் ஒன்று எடுத்தேன். அவர் பெயர் கீழே இருக்கிறது.