பழைய ஹொண்டா சி90: பொயின்ட்டா, சிடிஐயா?

கல்லடி உப்புக்காற்றில் சி90 மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம்தான்: பிளக்கில் தீப்பொறி வர, திறந்து மூடும் உலோக முனைகளான பொயின்ட்டையே வைத்திருப்பதா, அந்த முனைகள் இல்லாத மின்னணுப் பெட்டியான சிடிஐக்கு மாறுவதா?

செலவு: பொயின்ட் மலிவு. சிடிஐக்கு மாற்ற ஒரேயடியாகப் பணம் இறக்க வேண்டும்.

பராமரிப்பு: பொயின்ட் முனை தேயும், கருகும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். முழுதாகத் திறக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் பிடியுங்கள். கேஜ் லேசாக உரசிக்கொண்டு வந்தால் சரி. சிடிஐயில் இந்த வேலையே இல்லை.

மாரிமழை: ஈரம் பட்டால் பொயின்ட் அடம்பிடிக்கும். சிடிஐ தாங்கும்.

வழியில் நின்றால்: வெல்லாவெளி வயல் வீதியிலும் பொயின்ட்டைத் துடைத்து ஸ்டார்ட் பண்ணலாம். சிடிஐ போனால் புதுசு வாங்கும்வரை தள்ள வேண்டியதுதான்.

தினமும் வேலைக்கு ஓடுபவருக்கு சிடிஐ. தானே கழற்றிப் பூட்ட விரும்புபவருக்கு, என் கணக்கில், பொயின்ட்டேதான். மாற்றினாலும் பழைய சாமான்களை எறிந்துவிடாதீர்கள்.