மட்டக்களப்பில் ஐந்து வாரங்கள்: ஓர் ஆய்வாளன் ஊருக்கு வந்து வேலை செய்ய என்ன வேண்டும்?

ஆடி மாதம், கச்சான் காற்று முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்த நாட்களில், கனடாவின் எட்மன்டனிலிருந்து கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஐந்து வாரங்கள் போயிருந்தேன். இரண்டு அலுவல்கள் இருந்தன. அம்மாவின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்ததால் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அத்துடன், அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி விஞ்ஞான மாணவர்களுக்கு நான்கு விரிவுரைகள் நடத்துவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தேன். வந்தாறுமூலையில் ஒன்று, ஒலுவிலில் ஒன்று என்று எங்கள் பக்கத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் உள்ளன. எது என்று நான் சொல்லாமல் விடுவதில் யாருக்கும் நட்டமில்லை. சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் ஒரு காலைப்பொழுதிலேயே முடிந்தது. ஐந்து சதமும் செலவில்லை. நான்கு விரிவுரைகள்தான் கடதாசியில் இன்னும் முடியவில்லை.

ஊரில் சந்தித்தவர்களில் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப மனே ஊரோட வாறாய்?" பாசத்தில் கேட்கப்படும் இந்தக் கேள்வியைத்தான் அரசாங்கங்களும் வேறு மொழியில் கேட்கின்றன. வெளிநாடுகளிலுள்ள முதல்தர ஆய்வாளர்களை, குறிப்பாகக் கணினி விஞ்ஞானிகளை, நாட்டின் ஆய்வுத்துறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று குழுக்கள் அமைத்து யோசிக்கின்றன. நான் அந்த முதல்தரத்தில் உள்ளவன் அல்லன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் வந்து சேர்ந்த ஓர் ஊரில் இருபது வருடங்களாக வாழ்வதால், அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணோடுதான் இந்த முறை ஊரைப் பார்த்தேன்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் இரவுப் புகையிரதத்துக்குத் தம்பி இணையத்திலேயே ஆசனம் பதிவு செய்திருந்தான். கல்லோயாவுக்குப் பக்கத்தில் யானைகளுக்காக வண்டி மெதுவாக ஊர்ந்ததைத் தவிரப் பயணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. எட்மன்டனில் காலை ஒன்பது மணிக்கு நடக்கும் எங்கள் ஆய்வுக்குழுக் கூட்டம் கல்லடியில் இரவு எட்டரை. ஐந்து வாரமும் ஒரு கூட்டம்கூடத் தவறவில்லை, படமும் குரலும் ஒருநாளும் உறையவில்லை. கணினி விஞ்ஞானத்தில் ஆய்வு செய்பவனுக்கு இது சிறிய விடயமன்று. இரசாயனவியலாளருக்கு வேண்டிய ஆய்வுகூடமும் காற்றுப்போக்கிக் குழாய்களும் அவனுக்குத் தேவையில்லை. மின்சாரம், இணைப்பு, கணிப்பு வலு, கெட்டிக்கார மாணவர்கள் ஆகிய நான்கும் இருந்தால் போதும். ஒரு சிறிய நாடு பெரிய நாடுகளோடு போட்டியிடக்கூடிய துறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இனி விரிவுரை அனுமதியின் கதைக்கு வருகிறேன். துறைத் தலைவரின் அழைப்பு மின்னஞ்சல் சித்திரையிலேயே வந்துவிட்டது. அவர் மிகுந்த அக்கறையுள்ளவர். அதன் பிறகு துறைச் சபை, பீடச் சபை, மூதவை என்று அந்தக் கோப்பு படியேறத் தொடங்கியது. ஒவ்வொரு படியிலும் ஒரு கடதாசி கேட்டார்கள்: பட்டச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள், நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தின் கடிதம், பிறகு அந்தக் கடிதத்தின் மூலப்பிரதி. இவை முடிந்த பின்னர், ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்ற வருகைதரு விரிவுரையாளர் கொடுப்பனவைச் செலுத்த உள்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். வங்கியில் அடையாள அட்டை கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒன்பது இலக்கமும் முடிவில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை. அதுவும் நான் இலங்கைப் பிரஜையாக இருந்தபோது எடுத்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டின் பிரஜையாகும்போது, முன்கூட்டியே அனுமதி பெறாவிட்டால், இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடுகிறது. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு 1987 இலிருந்து வழி உண்டு என்றாலும், நான் விண்ணப்பித்திருக்கவில்லை. அது என்னுடைய பிழை. கொடுப்பனவே வேண்டாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். கொடுப்பனவை மறுப்பதற்குப் படிவம் எதுவும் இல்லை என்பதால் அந்தக் கடிதத்துக்கும் ஒரு தனிக் கோப்பு திறக்கப்பட்டது. விரிவுரைகளைத் துறைத் தலைவர் தம் பொறுப்பில் "கலந்துரையாடல்" என்ற பெயரில் நடத்த விட்டார்.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த அலுவலகங்களில் என்னோடு ஒருவரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. ஒரு எழுதுவினைஞர் தன் மதிய உணவை விட்டுவிட்டு எழுந்து வந்து எனக்குப் பிரதி எடுத்துத் தந்தார். ஆனால், இரண்டு வாரம் தங்குபவனுக்கும் இருபது வருடம் வேலை செய்ய வருபவனுக்கும் அங்கே ஒரே படிக்கட்டுதான் இருக்கிறது.

இரண்டாவது விரிவுரைக்குப் பிறகு துறையின் கணினி அறையைக் காட்டினார்கள். மூலையில், பிளாஸ்டிக் உறை போர்த்தியபடி, பெரிய கணிப்புகளை வேகமாகச் செய்யும் ஜீபியூ அட்டை பொருத்திய ஒரு சர்வர் நின்றது. ஏதோவொரு திட்டத்தில் கிடைத்த நல்ல இயந்திரம். பட்டதாரி மாணவர் ஐந்தாறு பேரின் ஆய்வைத் தாராளமாகத் தாங்கும். அது ஏழு மாதமாக ஓடவில்லை. காரணம், அதற்குப் பின்னாலுள்ள யூ.பி.எஸ்.ஸின் மின்கலங்கள் செத்துவிட்டன. மின்சாரம் விட்டுவிட்டுப் போகும் இடத்தில் யூ.பி.எஸ். இல்லாமல் இயந்திரத்தை ஓட்ட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. புதிய மின்கலம் வாங்குவதென்றால் பெறுகை விதிப்படி மூன்று விலைக்கோரல்கள் வேண்டும். மட்டக்களப்பு நகரில் அந்த வகை மின்கலம் விற்பவர்கள் இருவர்தான். நான் உறையைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது.

எட்மன்டன் அப்படியொன்றும் ஆளைக் கவரும் ஊரன்று. மாரியில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக்கு இறங்கும். நியூயோர்க்கும் சன் பிரான்சிஸ்கோவும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரிலுள்ள ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துக்கு 2003 இல் கணினி விஞ்ஞானி ரிச்சர்ட் சட்டன் வந்தார். கணினி விஞ்ஞானத்தின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருதை 2024 ஆம் ஆண்டுக்கு அன்ட்ரூ பார்ட்டோவுடன் பகிர்ந்துகொண்டவர் அவர். அவர் வந்தபோது, கணினி தன் செயல்களுக்குக் கிடைக்கும் வெகுமதியைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் மீளூக்கக் கற்றல் என்ற அவருடைய துறையை உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆல்பெர்ட்டா மாகாண அரசு அதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே தகவல் தொழில்நுட்ப ஆய்வாளர்களை வரவழைப்பதற்கென ஒரு நிறுவனத்தை உருவாக்கி, பேராசிரியர் பதவியோடு மாணவர்களுக்கும் குழுவுக்கும் சேர்த்துப் பல வருடங்களுக்கான பணத்தை ஒதுக்கியிருந்தது. அதற்கு முன்பே அங்கு ஜொனதன் ஷேஃபரின் குழு செக்கர்ஸ் விளையாட்டில் வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருந்தது. 2007 இல் அந்த விளையாட்டை முழுமையாகத் தீர்த்தும் காட்டியது, அதாவது இருவரும் பிழையின்றி ஆடினால் அது சமநிலையில்தான் முடியும் என்று நிறுவியது. வந்தவர் வெறும் அறைக்குள் வரவில்லை, பேச்சுத்துணை உள்ள வீட்டுக்குள் வந்தார். பின்னாளில் கோ விளையாட்டில் உலக வீரர்களை வென்ற அல்பாகோ மென்பொருளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய டேவிட் சில்வர் அங்கேதான் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தார். 2017 இல், லண்டனிலுள்ள கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கம்பனியான டீப்மைண்ட் தன் முதலாவது வெளிநாட்டு ஆய்வுகூடத்தை எட்மன்டனில் திறந்தது. 2023 இல் அந்தக் கம்பனி அதை மூடிக்கொண்டு போனது. பல்கலைக்கழகத்தின் குழு இன்றும் இருக்கிறது.

மாணவர்களிலிருந்து தொடங்கியவர்களின் உதாரணங்கள் இன்னும் உண்டு. 2000 ஆம் ஆண்டின் டியூரிங் விருது பெற்ற அன்ட்ரூ யாவ், 2004 இல் பிரின்ஸ்டனை விட்டு சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குப் போனவுடன் கையிலெடுத்தது இளமாணி மாணவர்களுக்கான ஒரு சிறப்பு வகுப்பைத்தான். இவ்வளவு தூரம் போவானேன், ஐபிஎம் ஆய்வுப்பிரிவில் வேலை செய்த சஞ்சீவ வீரவரண அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குத் திரும்பியதால் விளைந்தவற்றைப் பார்த்தாலே போதும். யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளில் அவர் தொடங்கிய வேலையைச் சுற்றி மொரட்டுவ மாணவர்கள் ஒரு தலைமுறையாக வளர்ந்தார்கள். கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தில் மொரட்டுவப் பல்கலைக்கழகம் பங்குபற்றிய மாணவர் எண்ணிக்கையில் பல வருடங்கள் உலகப் பட்டியலின் உச்சியில் இருந்தது. அவை கொழும்பைச் சுற்றி நடந்தவை என்று ஊரில் ஒருவர் குறைப்பட்டார். உண்மைதான், ஆனால் எட்மன்டனும் டொரொன்டோவைச் சுற்றி இல்லை.

மூன்றாவது விரிவுரை முடிந்து தேநீர் குடிக்கும்போது, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டுத் திரும்பியிருந்த இளம் விரிவுரையாளர் ஒருவரோடு நெடுநேரம் பேசினேன். படிப்பு விடுமுறைக்காக, திரும்பி வந்து வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த பிணைமுறிக்குக் கட்டுப்பட்டு வந்தவர். பிணைமுறியை உடைத்துவிட்டு வராமல் இருந்த நண்பர்கள் அவருக்கு உண்டு. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அப்படி வராமல் விட்டவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. "அண்ணன், சம்பளத்தோட சமாளிக்கலாம். முதலாம் வருசத்துக்கு நிரலாக்கம் படிப்பிச்சு, விடைத்தாள் திருத்தி முடிய ராவாகிப் போகும். அதுக்குப் பிறகு ஆய்வைப் பத்திக் கதைக்கவே ஆள் இல்ல" என்றார். முழுநேர ஆய்வு மாணவர் ஒருவர்கூட அவரிடம் இல்லை, ஏனென்றால் அந்த மாணவருக்குக் கொடுக்க உதவித்தொகை இல்லை. எங்கள் துறையில் முக்கியமான கண்டுபிடிப்புகள் முதலில் மாநாடுகளில்தான் வெளியாகின்றன. மாநாட்டுப் பதிவுக் கட்டணம் டொலரில், விசா இழுபறியில். ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரையைத் தன் படுக்கையறையிலிருந்து திரைவழியே படித்ததாகச் சொன்னார். இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம், தென்கொரியாவில் அது 5 வீதத்தை ஒட்டி நிற்கிறது. இருக்கும் ஒருவரையே இப்படி வைத்திருந்தால், இல்லாத நூறு பேரை அழைப்பதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது என்று யோசித்தேன்.

என் எண்ணத்தில் நாங்கள் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறோம். ஆளின் முழு வாழ்க்கையையும் முதல் நாளே கேட்கிறோம். நான்கு வாரத்தைக் கேட்பதற்கு வழி வைத்திருக்கவில்லை. இந்தியா 2017 இல் தொடங்கிய வஜ்ரா திட்டத்தில், வெளிநாட்டில் பதவி வகிக்கும் விஞ்ஞானி அதை விடாமலே வருடத்தில் ஒன்று முதல் மூன்று மாதம் இந்திய நிறுவனமொன்றில் ஆய்வு செய்ய வழி வைத்தார்கள். முதல் மாதத்துக்கு 15,000 டொலரும் அடுத்தடுத்த மாதங்களுக்கு 10,000 டொலரும் கொடுப்பனவாக அறிவிக்கப்பட்டது. அந்த அளவு பணம் எங்களிடம் இல்லை. ஆனால் என்னைப் போன்றவர்கள் விடுமுறைக்கு எப்படியும் வருகிறோம், தங்க வீடும் இருக்கிறது. மூதவை வரை ஏறாமல் துறைத் தலைவரே கையொப்பமிடக்கூடிய ஓர் ஆறுவார அனுமதி, ஒரு ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை, சிறு திருத்தங்களுக்குத் துறையிடமே ஒரு கைச்செலவுப் பணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவரைக் கொண்டுவந்தது. எங்கள் கரையில் ஆள் போய் வருவது புதிய விடயமன்று.

வரச் சொல்லும்போது, இங்கேதான் செய்யக்கூடிய வேலை எது என்பதையும் சொல்ல வேண்டும். நான்காவது விரிவுரைக்கு அம்மாவின் குரலைத் தொலைபேசியில் பதிந்து கொண்டுபோனேன். "இஞ்ச வா மனே, எனக்கு ஏலா" (இங்கே வா மகனே, எனக்கு முடியாது) என்று அவர் சொன்னதை, பேச்சை எழுத்தாக்கும் ஒரு பெயர்பெற்ற மென்பொருள் "இஞ்சி வா மனை, எனக்கு ஏழா" என்று எழுதித் திரையில் காட்டியது. வகுப்பு முழுவதும் சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த அக்கரைப்பற்றுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், பயிற்சித் தரவில் எங்கள் பேச்சு எத்தனை மணித்தியாலம் இருக்கும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலையை எட்மன்டனில் செய்ய முடியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு நடக்க வேண்டும்.

இப்போது அவளும் இன்னொரு மாணவனும் வாரம் ஒருமுறை, அவர்களுடைய நேரம் இரவு எட்டரைக்கு, எங்கள் குழுவோடு பேசுகிறார்கள். இதுவரை பன்னிரண்டு மணித்தியாலப் பேச்சைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு மணித்தியாலம் அம்மாவுடையது. கணிப்பு வேலை எட்மன்டன் இயந்திரத்தில் ஓடுகிறது. அடுத்த ஆடிக்கு ஆறு வாரம் வருவதாகத் துறைத் தலைவருக்கு எழுதி, மின்கலத்தைப் பற்றியும் கேட்டிருந்தேன். இரண்டு விலைக்கோரல்கள் வந்துவிட்டன, மூன்றாவதைத் திருகோணமலையிலிருந்து எதிர்பார்க்கிறோம் என்று பதில் எழுதியிருக்கிறார்.