கம்போங் குவாந்தான் மின்மினி: சாம்பானில் போங்கள்

ஊரிலிருந்து மலேசியாவுக்கு யார் வந்தாலும் பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் என்று ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிடுவோம். என்னைக் கேட்டால், ஒரே ஒரு இரவுதான் கையில் இருக்கிறது என்றால் வண்டியைக் கோலசிலாங்கூருக்கு விடுங்கள். அங்கே கம்போங் குவாந்தான் கிராமத்தில் சிலாங்கூர் ஆற்று மின்மினிகளைக் காட்டாமல் விருந்தாளிகளை அனுப்பாதீர்கள்.

இந்த முறை மதுரையிலிருந்து வந்த அத்தையையும் மாமாவையும் கூட்டிப்போனேன். "ஏன்டா, மின்மினியப் பாக்கவா இம்புட்டுத் தூரம்? எங்க வயக்காட்டுல பாக்காததா?" என்று அத்தை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். உயிர்காப்பு அங்கியை மாட்டிச் சாம்பானில் உட்காரும்வரை அதே பேச்சு. சின்ன மரப்படகு, நாலு பேர்தான் உட்காரலாம். மோட்டார் கிடையாது, துடுப்புதான். அதனால் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறொன்றும் காதில் விழாது.

கரையோர மரங்களை நெருங்கியதும் அத்தையின் பேச்சு நின்றது. நம் வயல் மின்மினி அதனதன் போக்கில் மின்னிக்கொண்டு பறக்கும். இங்கே பெரெம்பாங் மரத்து இலைகளில் உட்கார்ந்திருக்கும் ஆண்பூச்சிகள் அத்தனையும் ஒரே தாளத்தில் மின்னுகின்றன, விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. எல்லாம் பெண்பூச்சியைக் கூப்பிடும் சைகை. மரம் மொத்தமும் சேர்ந்து அணைகிறது, சேர்ந்து ஒளிர்கிறது. ஒரே மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் இந்தத் தாளம் பிடிபடும். கண்ணை அங்கும் இங்கும் ஓட விட்டால் வெறும் புள்ளிகள்தான் தெரியும். துடுப்புப் போட்ட பாக்சிக்குக்கு (மலாயில் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அது தெரியும். கேட்காமலே கிளைக்கடியில் படகை நிறுத்தினார்.

மாமாவின் சட்டைக் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அரிசிமணி அளவுதான். வயிற்று நுனியில் இரண்டு கணு ஒளிர்ந்தால் ஆண், ஒன்றுதான் என்றால் பெண் என்று பாக்சிக் மெதுவாகச் சொன்னார். குனிந்து பார்த்தோம், இரண்டு. மாமா அது பறந்து போகும்வரை கையை அசைக்கவே இல்லை.

இந்தக் காட்சி கரையை நம்பித்தான் இருக்கிறது. வளர்ந்த பூச்சிக்குப் பெரெம்பாங் மரம் வேண்டும். அதன் புழுவோ கரையோர ஈரமண்ணில் சின்னச் சின்ன நத்தைகளைத் தின்று வளர்வது. கரையை வழித்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நட்டால் மரமும் போச்சு, நத்தையும் போச்சு. மேலே அணை கட்டியதில் நன்னீர் வரத்து குறைந்து ஆற்றில் உப்பு ஏறும் கவலையும் உண்டு. பூச்சி இருந்தால்தான் துடுப்புக்கு வேலை. நாம் கொடுக்கும் படகுக் காசு, அந்தக் கரையை அப்படியே விட்டுவைக்க ஒரு காரணம். இந்தக் காசைக் கொடுக்க எனக்குக் கொஞ்சமும் மனக்கசப்பில்லை.

எரிச்சல் ஒன்றுதான். அடுத்த படகில் வந்த குழு கைப்பேசி விளக்கை மரத்தில் அடித்துக்கொண்டே வந்தது. வெளிச்சம் பட்ட கிளையில் தாளம் கெட்டுப்போனது. இந்த ஒளி கைப்பேசிப் படத்தில் சரியாக விழவும் விழாது. ஏறுவதற்கு முன்பே எல்லாரிடமும் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டால்கூட நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். பகலெல்லாம் குரங்குமலை, கடல் உணவு என்று அலைந்து களைத்துப்போய் இங்கே வராதீர்கள். இதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

அமாவாசையை ஒட்டிப் போவது நல்லது, நிலா வெளிச்சத்தில் பாதி அடிபட்டுப்போகும். மழை பெய்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கொசு உண்டு, முழுக்கைச் சட்டை போடுங்கள். படகில் உட்கார்ந்து கொசு மருந்து அடிக்க வேண்டாம், அங்கே இருப்பதும் பூச்சிதான். சாம்பானில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு, அதே ஆற்றில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் மின்மோட்டார் படகு ஓடுகிறது. மற்றவர்கள் சாம்பானிலேயே போங்கள். கிளைக்கடியில் அவ்வளவு நெருங்கி நிற்க அதுதான் வசதி.